வீட்டுக்கு ஒரு அளவு: வன்னித் தூள் மில் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியை விட்டு உள்ளே இறங்கும் கிராமம் ஒன்றில் இந்த மில் இருக்கிறது. மீள்குடியேற்றத்தின் பின் மச்சாள்மார் இருவர் சங்கக் கடன் எடுத்துத் தொடங்கியது. தகரக் கொட்டகை, 5 குதிரைவலு மோட்டர், வறுக்க இரண்டு தாச்சி, ஒரு தராசு. வேலை இரண்டு வகை. சனம் கொண்டுவரும் சாமானைக் கூலிக்கு அரைத்துக் கொடுப்பது ஒன்று. தங்கள் பெயரில் 250 கிராம் பைகளில் கறித்தூள் அடைத்துச் சுற்றுவட்டாரக் கடைகளுக்குப் போடுவது மற்றது.

வருமானம் கூலி அரைப்பில் வந்தது. ஆனால் வளர்ச்சி பைத் தூளில்தான் இருக்கிறது என்று இருவரும் நம்பி, காசையும் நேரத்தையும் அதிலேயே போட்டார்கள். 2022இல் ரூபாவின் மதிப்பு சரிந்தபோது அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. இலங்கைக்குத் தேவையான செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவது. அதன் விலை ஏற, பையின் விலையையும் ஏற்றவேண்டி வந்தது. மணிக்கணக்கான மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. கடைகளில் பக்கத்துத் தட்டில் கொழும்புக் கம்பனிகளின் 50 கிராம் பைகள் பளபளவென்று தொங்கின. அவற்றின் முகவர்கள் கடைக்காரருக்குக் கடனுக்குக் கொடுத்தார்கள், பழசை மாற்றியும் கொடுத்தார்கள். மில்லின் பைகளோ விற்ற பின் காசு என்ற ஒழுங்கில் போய், திகதி முடிந்து திரும்பி வந்தன. அப்போது மில்லின் தூளை எடுத்த கடைகள் 14.

முதல் முயற்சிகள்

முதலில் முத்திரை அட்டை அடித்தார்கள். பத்துப் பை வாங்கினால் பதினொன்றாவது இலவசம். இந்த உத்திக்கு நல்ல ஆதாரம் உண்டு. 2006இல் வெளியான நூனெஸ், டிரேஸ் இருவரின் ஆய்வில், கார் கழுவும் நிலையமொன்றில் 300 பேருக்கு அட்டை கொடுக்கப்பட்டது. பாதிப் பேருக்கு எட்டு முத்திரைக்கான வெற்று அட்டை. மற்றப் பாதிக்குப் பத்து முத்திரைக்கான அட்டை, இரண்டு முத்திரை முன்கூட்டியே குத்தியபடி. இரு பகுதியினருக்கும் தேவைப்பட்டது எட்டு முத்திரைதான். ஆனால் அட்டையை நிரப்பியவர்கள் முதற்பகுதியில் 19 வீதம், இரண்டாவதில் 34 வீதம்.

மில் அந்த இரண்டு முத்திரையையும் குத்தித்தான் கொடுத்தது. ஆயினும் அட்டை எடுபடவில்லை. காரணம் அட்டையில் இல்லை, தூளில் இருக்கிறது. வன்னியில் ஒரு குடும்பம் இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறைதான் தூள் எடுக்கும். எட்டு முத்திரை நிரம்பப் பதினாறு மாதம் தொடக்கம் இரண்டு வருடம் ஆகும். அதற்குள் அட்டை தொலைந்துவிடும், அல்லது கறைபட்டு எழுத்து அழிந்துவிடும்.

அடுத்தது தைப்பொங்கலுக்கு அதிர்ஷ்டச் சீட்டு. பரிசு ஒரு எவர்சில்வர் பானை. அந்த மாதம் விற்பனை கூடியது, அடுத்த இரண்டு மாதமும் படுத்தது. தூள் கூட வாங்கியவர் கறி கூடச் சமைப்பதில்லை. இனி வாங்க இருந்ததை முன்கூட்டி வாங்கியிருந்தார்கள், அவ்வளவுதான். விலைக்கழிவும் பரிசும் யோசிப்பவர்கள் தங்கள் பொருளை ஒரு வீடு எத்தனை நாளைக்கொருதரம் வாங்குகிறது என்பதை முதலில் எழுதிப் பார்க்கவேண்டும். இந்த மில் அதைச் செய்யவில்லை.

கவனத்தில் பட்டவை

அதன்பின் ஆறு கிழமைக்கு மில் வாசலில் ஒரு கொப்பி வைக்கப்பட்டது. வந்தவர் என்ன கேட்டார், எதைக் குறை சொன்னார், எங்கிருந்து வந்தார் என்று மட்டும் குறித்தார்கள். தேறியவை நான்கு.

கூலிக்கு அரைக்க வந்தவர்களில் அனேகமாக எவரும் சாமானை விட்டுவிட்டுப் போகவில்லை. மில்லின் வாய்க்குள் கொட்டியதிலிருந்து கடைசிப் பிடி விழும்வரை பக்கத்திலேயே நின்றார்கள். “எனக்கு முன்னால என்ன அரைச்சது?” என்ற கேள்வி விலையைப் பற்றிய கேள்வியைவிட அதிகம் வந்தது. கிளிநொச்சி நகரத்திலிருந்து, வழியில் இருக்கும் இரண்டு மில்லைத் தாண்டி வந்தவர்களும் இருந்தார்கள். கேட்டபோது, மூத்த மச்சாள் வறுத்தால் மிளகாய் கறுக்காது என்றார்கள்.

நான்காவதுதான் முக்கியமானது. வெளிநாட்டுக்கு அனுப்பவென்று அரைப்பவர்கள் தூளைச் சொப்பிங் பையில் கட்டி, மேலே பேனையால் எழுதினார்கள்: “தம்பிக்கு”, “சின்னக்கா, கனடா”, “எங்கட தூள்”. காசு கொடுத்து அடித்த வர்ண ஸ்டிக்கரை எவரும் கேட்கவில்லை. ஒரு அம்மா கொடுத்த ஸ்டிக்கரைத் திருப்பித் தந்தார்: “இது உங்கட பேர் பிள்ளை. உள்ளுக்கு இருக்கிறது என்ர தூள்.”

சனம் விசுவாசமாக இருந்தது மில்லின் தூளுக்கல்ல, தங்கள் வீட்டுத் தூளுக்கு. அதைக் கெடுக்காமல் அரைத்துத் தருவதால் மில்லுக்கும் அந்த விசுவாசத்தில் ஒரு பங்கு கிடைத்தது. இது பிடிபட்டவுடன் மிச்சத் தீர்மானங்கள் எல்லாம் ஒரு திசையில் போயின.

தீர்மானம்: அளவுக் கொப்பி

கடைகளுக்குப் போடும் பைத் தூளைக் குறைத்து, ஒவ்வொரு வீட்டின் அளவையும் எழுதிவைத்து, அந்த அளவில் மில்லே சாமான் எடுத்து, வறுத்து, அரைத்துக் கொடுப்பது என்று முடிவாயிற்று. வீட்டுக்கு ஒரு இலக்கம். பையில் மில்லின் பெயர் சிறிதாகவும் வீட்டுப் பெயர் பெரிதாகவும் இருக்கும். பிள்ளை ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப்பில் இலக்கத்தைச் சொன்னாலும் அதே தூள் கிடைக்கவேண்டும்.

பெயரை அச்சடிப்பது புதிய யோசனை அல்ல. 2011இல் அவுஸ்திரேலியாவில் கொக்கா கோலா 150 பெயர்களைப் போத்தல்களில் அச்சடித்து விற்றது, பின்னர் பல நாடுகளுக்கும் கொண்டுபோனது. அங்கே எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருந்தது ஒரே பானம். இங்கே பெயர் மாறினால் உள்ளே இருப்பதும் மாறவேண்டும். யோசனையின் பலமும் ஆபத்தும் இதுதான், ஒரு தரம் பிழைத்தாலும் பையில் இருக்கும் பெயரே மில்லைக் காட்டிக்கொடுக்கும்.

அளவை எழுதுவது நினைத்ததைவிடக் கடினம். எவரும் கிராமில் சொல்வதில்லை. “மல்லி மூன்று சுண்டு, பெருஞ்சீரகம் ஒரு சுண்டுக்குக் கொஞ்சம் குறைய, வெந்தயம் ஒரு பிடி.” சுண்டு கன அளவு. ஒரு சுண்டு மல்லியும் ஒரு சுண்டு சீரகமும் ஒரே நிறை அல்ல. செத்தலைச் சுண்டில் அளக்கவே முடியாது. ஆகவே அம்மாவே தன் கையால் அள்ளிப் போடவேண்டும், மில்லில் இருப்பவர் அதை நிறுத்து எழுதவேண்டும். ஒவ்வொரு சாமானும் மூன்று தரம், மூன்றில் நடு நிறை கொப்பிக்குப் போகும். பிடியில் அள்ளும் வெந்தயமும் மிளகும்தான் கூட ஏறி இறங்கும். அவற்றை மட்டும் ஐந்து தரம் நிறுத்தார்கள்.

ஒரு வீட்டின் பதிவு இப்படி இருந்தது: செத்தல் 1 கிலோ, மல்லி 1 கிலோ, பெருஞ்சீரகம் 250 கிராம், மிளகு 100, சின்னச்சீரகம் 100, வெந்தயம் 50, மஞ்சள் 50, கறிவேப்பிலை ஐந்து நெட்டு. அதன் கீழே வறுவல். மல்லி வாசம் எழும்பி நிறம் மாறத் தொடங்கும்வரை. செத்தல் இளந்தணலில், காம்பு ஒடிக்கச் சத்தம் வரும்வரை, கறுக்க விடாமல். கறிவேப்பிலை கையில் நொருங்கும்வரை. வெந்தயம் கடைசியில், கண் எடுக்காமல், ஏனென்றால் அது கருகினால் முழுத் தூளும் கைக்கும். எல்லாம் வேறு வேறாக. பிறகு மில்லில் ஒரு தரம் விடுவதா இரண்டு தரமா. கடைசி வரியில், இந்த இலக்கத்துக்கு ஓடர் கொடுக்க உரிமை உள்ளவர்களின் பெயர்.

எழுத்து மட்டும் போதாது. ஒவ்வொரு வீட்டின் தூளிலும் 20 கிராம் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலில் இலக்கத்தோடு இருட்டறையில் வைக்கப்பட்டது. அடுத்த தரம் அரைத்ததை வெள்ளைத் தட்டில் போட்டுப் பழசோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வெளிச்சத்தில் வைத்தால் செத்தலின் நிறம் மங்கி ஒப்பீடு பிழைக்கும்.

முதல் வறுவலை வீட்டுக்காரரே தாச்சிக்கு முன்னால் இருந்து செய்யவேண்டும் என்பதையும் விதியாக்கினார்கள். தாம் கைவைத்துச் செய்த பொருளுக்கு மனிதர் கூடுதல் மதிப்புக் கொடுப்பதை நோட்டன், மொச்சோன், ஏரியலி மூவரும் 2012இல், வாங்குபவரே பூட்டும் தளபாடங்களை விற்கும் ஐகியா கம்பனியின் பெயரால், ஐகியா விளைவு என்று எழுதினார்கள். செய்த வேலை முடியாமல் போனால் அந்த மதிப்பும் இல்லாமல் போகிறது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. மில் இந்த இரண்டாவது பகுதியை நன்றாகப் பிடித்துக்கொண்டது. முதல் வறுவலில் மூத்த மச்சாள் பக்கத்தில் நிற்பார், தணல் கூடினால் விறகை இழுத்துவிடுவார். எவரும் கருகிய தூளோடு வீட்டுக்குப் போகக்கூடாது.

விலைக்கழிவு எதுவும் இல்லை. அளவு எழுத, முதல் தரம் நிறுக்கக் காசு இல்லை. குறைந்த ஓடர் 1 கிலோ, ஏனென்றால் அதற்குக் கீழே போனால் மில்லுக்குள் ஒட்டி நிற்கும் தூளின் பங்கு பெரிதாகிவிடும்.

நிறை விடயத்தில் மட்டும் தொடக்கத்திலேயே சச்சரவு வந்தது. 2 கிலோ 550 கிராம் சாமான் போட்டால் அதே நிறைக்குத் தூள் வராது. வறுக்கும்போது ஈரம் போகும், காம்பும் தூசும் போகும், மில்லிலும் கொஞ்சம் நிற்கும். இதை முதலே சொல்லாததால் இரண்டு வீடு கோபித்தது. பிறகு வறுக்க முன், வறுத்த பின், அரைத்த பின் என்று மூன்று நிறையும் துண்டில் எழுதிப் பையோடு கொடுத்தார்கள். அந்தத் துண்டு பின்னர் விளம்பரப் பலகையைவிடக் கூட வேலை செய்தது. சனம் அதைப் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பியது.

அரைக்கும் ஒழுங்கு

“முன்னால என்ன அரைச்சது?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே ஒரு நாளின் ஒழுங்கு மாற்றப்பட்டது. காலையில் கழுவிக் காய்ந்த மில்லில் முதலில் சரக்குத்தூள். பிள்ளைப்பெற்ற வீட்டுக்குப் போகும் சரக்கில் செத்தலின் வாடைகூட இருக்கக்கூடாது. அடுத்து மல்லி கூடிய தூள்கள், பிறகு உறைப்புக் கூடியவை, கடைசியில் தனி மிளகாய்த்தூள். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் 250 கிராம் பச்சையரிசி விட்டு எடுத்து, தூரிகையால் வாயையும் சல்லடையையும் தட்டுவார்கள். சிவந்து வரும் அந்த அரிசிமா எவருடைய பையிலும் சேராது. ஒரு நாளைக்கு எட்டு வீட்டுக்கு மேல் எடுப்பதில்லை. இந்த எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லிப் பலர் சொன்னார்கள். கூட்டாதது சரியான முடிவு.

மணக்கும் மேசை

வற்றாப்பளை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு வன்னி முழுவதும் கூடும், வெளிநாட்டிலிருந்தும் வருவார்கள். கோயிலுக்குப் போகும் பாதையில் ஒரு மேசை போடுவது என்று முடிவானபோது, 25 கிராம் இலவசப் பைகள் கொடுப்பதே முதல் திட்டம். மச்சாள்மார் மூன்று கிண்ணம் தூளையும் கூட வைத்தார்கள்: இளவறுவல், நடுவறுவல், கடுவறுவல். அளவு ஒன்று, வறுவல் மட்டும் வேறு. கேட்ட கேள்வி ஒன்றுதான்: “இதில எது உங்கட வீட்டு வாசம்?”

இலவசப் பை வாங்கிப் போனவர்களில் திரும்பி வந்தவர் மிகச் சிலர். கிண்ணத்தை மணந்து பார்த்தவர்கள் போகாமல் நின்றார்கள். புருசனும் பெண்சாதியும் வேறு வேறு கிண்ணத்தைக் காட்டி வாதாடினார்கள். பக்கத்தில் நின்றவர்கள் தங்கள் ஊர்க் கணக்கைச் சொன்னார்கள். அளவு எழுத வருகிறோம் என்று தொலைபேசி இலக்கம் கொடுத்தவர்கள் எல்லாரும் இந்தக் கூட்டத்திலிருந்துதான். அடுத்த வருடம் இலவசப் பை இல்லை, கிண்ணம் மட்டும்.

மறந்துபோன அளவுகள்

இந்த மேசையில்தான் எவரும் எதிர்பாராத ஒரு தேவை வெளியே வந்தது. சிலருக்கு எழுத அளவு இல்லை. அம்மா போய்விட்டார். உரலும் உலக்கையும் இடம்பெயர்வில் போயின. நினைவில் நிற்பது நாக்கின் ருசி மட்டும்.

அப்படி வந்த ஒரு பெண்ணுக்கு ஞாபகம் இருந்தவை: மல்லி கூட, வெந்தயம் குறைய, மீன் குழம்பு கறுப்பாக இருக்கும். மில் இதற்கு ஒரு முறை வகுத்தது. பொதுவான அளவில் 100 கிராம் தூள். அதைக் கொண்டுபோய் ஒரே கறியை, ஒரே மீனில், ஒரே புளி அளவில் சமைக்கவேண்டும். கறியை மாற்றினால் எது மாறியது என்று தெரியாது. அடுத்த கிழமை வந்து ஒன்றே ஒன்றைச் சொல்லவேண்டும்: கூடவா, குறையவா, எது. ஒரு தரத்துக்கு ஒரு சாமானை மட்டும் மாற்றுவார்கள். இந்தச் சின்னத் தூள்களை மில்லில் விடுவதில்லை, அம்மியிலும் கை உரலிலும் இடித்தார்கள்.

அந்தப் பெண் நான்கு தரம் வந்தார். முதல் தரம் மல்லியைக் கூட்டினார்கள். இரண்டாம் தரம் மிளகைக் கூட்டிப் பார்த்தார்கள், சரிவரவில்லை, பழைய அளவுக்கே திரும்பினார்கள். மூன்றாம் தரம் அளவை விட்டுவிட்டு மல்லியின் வறுவலைக் கடுப்பாக்கினார்கள். கறுப்பு நிறம் அதிலிருந்துதான் வந்திருக்கிறது. நான்காம் தரம் வெந்தயத்தைப் பாதியாக்க, அவர் கறியை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து மில்லில் இருந்தவர்களுக்குக் கொடுத்தார். தன் மூன்று சகோதரங்களுக்கும் இலக்கத்தை அனுப்பினார். இரண்டு பேர் பாரிசில், ஒருவர் மல்லாவியில்.

இதற்கு மில் காசு வாங்கவில்லை. கணக்குப் பார்த்தால் நட்டம். ஆனால் இப்படி அளவு மீட்டுக்கொண்ட வீடுகளில் ஒன்றுகூடப் பின்னர் விட்டுப்போகவில்லை. இதை விளம்பரமாக்கச் சொல்லி, அழுகிற முகத்தை வீடியோ எடுக்கச் சொல்லி ஆலோசனை வந்தது. மச்சாள்மார் மறுத்தார்கள். அந்த மறுப்பை இந்த ஆய்வு முழுமனதோடு சரியென்றே கொள்கிறது.

பிழைத்த இடங்கள்

ஒன்று, இலக்கம். தாச்சி மூடியில் சோக்கால் எழுதிய 61, மூடி திரும்பியதில் 19 ஆகிவிட்டது. இரண்டு வீட்டின் தூளும் மாறிப்போனது. ஒரு வீடு கண்டுபிடிக்க முன்னரே மாதிரிப் போத்தலோடு ஒப்பிட்டபோது மில்லுக்குத் தெரிந்தது. அன்றைக்கே இரண்டு வீட்டுக்கும் சொல்லி, திருப்பி அரைத்துக் காசில்லாமல் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு மூடியில் இலக்கத்தோடு வீட்டுப் பெயரும் எழுதப்பட்டது, கீழே ஒரு கோடும் போடப்பட்டது.

இரண்டு, ஈரம். ஐப்பசி தொடங்கி மார்கழிவரை வன்னியில் மழை. மில்லிலிருந்து தூள் சூடாகவே விழும். கார்த்திகையில் அவசரத்தில் சூடு ஆறமுன் பையை ஒட்டினார்கள். உள்ளே ஆவி வேர்த்து, தூள் கட்டியாகி மக்கு வாசம் வந்தது. ஒன்பது பை திருப்பி எடுக்கப்பட்டது. இப்போது எவர்சில்வர்த் தட்டில் பரப்பி, துணி மூடி இரண்டு மணித்தியாலம் ஆறவிடுகிறார்கள். பை உள்ளே அலுமினியப் படலம் உள்ளது, ஒட்டு இரண்டு வரி. மழைக்காலச் செத்தலை வாங்குவதில்லை, வெயிலிலேயே காய்ந்ததை எடுத்து வைக்கிறார்கள். ஈரச் செத்தலில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம், அதை வறுவல் முழுதாகப் போக்காது. ஒவ்வொரு சாக்கிலும் இருபது செத்தலைப் பிளந்து உள்ளே பார்ப்பது இப்போது வழக்கம்.

மூன்று, நிறம். லண்டனிலிருந்து ஒரு வீட்டுப் பிள்ளைகள் கடைத்தூள் போலச் சிவப்பாக வேண்டும் என்றார்கள். சாயம் போட மில் மறுத்தது. 2005 பெப்ரவரியில் பிரித்தானியாவில் மிளகாய்த்தூளில் கலந்த சூடான் 1 என்ற சாயத்தால் 400க்கு மேற்பட்ட உணவுப் பொருள்கள் கடைகளிலிருந்து மீளப்பெறப்பட்டதை அந்த வீட்டுக்கே எடுத்துச் சொன்னார்கள். உறைப்புக் குறைந்து நிறம் கூடிய செத்தலைப் பாதி கலந்து, வறுவலை இளக்கிக் கொடுத்தார்கள்.

நான்கு, உரிமை. மனதை அதிகம் நோகச் செய்தது இதுதான். ஒரு வீட்டின் தூள் நன்றாக இருக்கிறதென்று அயலவர் ஒருவர் அதே இலக்கத்தில் கேட்க, மில்லில் உதவிக்கு நின்ற பிள்ளை அரைத்துக் கொடுத்துவிட்டது. அளவுக்குரிய அம்மா ஒரு மாதம் மில் பக்கம் வரவில்லை. மூத்த மச்சாள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். பதிவின் கடைசி வரியில் பெயர் இல்லாதவருக்கு அந்த அளவு இல்லை என்ற விதி முன்னரே இருந்தது. அதை உதவியாளருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

சட்ட விடயத்திலும் ஒரு தாமதம் இருந்தது. வீட்டுப் பெயர் போட்ட பை என்பதற்காக 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் சுட்டுத்துண்டு விதிகள் விலகிப்போவதில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்ன பிறகே உள்ளடக்கம், நிகர நிறை, உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், முகவரி எல்லாம் ஒழுங்காக வந்தன. விமானத்தில் கொண்டுபோகிறவர்களுக்கும் இது உதவியது. பெயரில்லாத சிவப்புத் தூளை எந்தச் சுங்கமும் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

விளைவு

முதல் வருட முடிவில் கொப்பியில் 74 வீடுகள். அவற்றில் 58 குறைந்தது மூன்று தரம் எடுத்திருந்தன. கடைகள் 14இலிருந்து மூன்றாகக் குறைந்தன, திகதி முடிந்து திரும்பும் பை நின்றது. விற்ற தூளின் மொத்த நிறை பெரிதாகக் கூடவில்லை. கையில் நின்ற காசு கூடியது, வீடுகள் முற்பணம் கொடுத்ததால் செத்தலைக் கடனுக்கு வாங்குவதும் நின்றது.

பணத்தில் எழுத முடியாத மாற்றமும் உண்டு. மூத்த பெண்கள் மூவர் கேட்காமலே வந்து தாச்சிப் பக்கம் இருந்து மற்றவர்களின் வறுவலைத் திருத்தத் தொடங்கினார்கள். ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளை அம்மாமார் மில்லுக்குக் கூட்டிவந்து தங்கள் இலக்கத்தைக் காட்டினார்கள். மில்லுக்காகப் பேசும் சனம் இப்படித்தான் உண்டானது. அவர்கள் பேசியது உண்மையில் தங்கள் வீட்டைப் பற்றி.

இனி மாற்றவேண்டியவை

கொப்பி ஒன்றே ஒன்று. தீயோ வெள்ளமோ வந்தால் எல்லா வீட்டின் அளவும் போய்விடும். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வேறிடத்தில் வைக்கும் வேலை பாதியில் நிற்கிறது. வறுவலில் கை தேர்ந்தவர் மூத்த மச்சாள் ஒருவரே என்பதும் பலவீனம். இரண்டு இளம் பெண்கள் பழகத் தொடங்கியிருக்கிறார்கள், ஒவ்வொருவரும் மாதிரிப் போத்தலோடு ஒத்துப்போகும் இருபது வறுவல் செய்த பின்தான் தனியே விடப்படுவார்கள். நிறைத் துண்டையும் உரிமை விதியையும் முதல் நாளே தொடங்கியிருந்தால் மூன்று மனஸ்தாபங்கள் தவிர்ந்திருக்கும்.

அளவுக்குரியவர் காலமானால் இலக்கம் யாருக்கு என்பதற்கும் விதி எழுதப்படவில்லை. இந்த வருடம் அப்படி ஒரு வீட்டில் இரண்டு மகள்மாரும் கேட்டார்கள். இலக்கத்தை மூத்தவருக்கு மாற்றி, அதே அளவை இளையவருக்குப் புதுப் பக்கத்தில் எழுதி, இரண்டு பக்கத்திலும் மேலே அம்மாவின் பெயரை விட்டுவைத்திருக்கிறார்கள்.